சூதாட்டமும் மனநலமும்: நாம் கேட்கத் தவறிய கேள்வி

(தாமான் சமூக மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் நண்பர் ஒருவர் தடுத்தார். "இதுக்கு யாரும் வர மாட்டாங்க. வந்தா, இவன் வீட்லயும் பிரச்சினை போலன்னு பக்கத்து வீட்டுக்காரன் பேசுவான்" என்றார். அதையும் மீறி வந்திருக்கிறீர்கள். வர முடியாமல் பிறகு இதைப் படிக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன். நீங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல், கைப்பேசியை மறைத்துப் பிடித்துக்கொண்டு இதைப் படிப்பவராக இருந்தால், இந்த உரை முதலில் உங்களுக்குத்தான்.

நான் மருத்துவன் அல்ல. பல ஆண்டுகளாக நம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், ஆலோங் மிரட்டல் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். அந்த மேசையில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று முறை வந்தவர்

2018-ஆம் ஆண்டு. லோரி ஓட்டும் ஓர் அண்ணன் வந்தார். கேட்டில் ஆலோங் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போயிருந்தான். போலீஸ் புகார் எழுத உதவினேன். சில மாதம் கழித்து மறுபடியும் வந்தார். இந்த முறை வேறு ஆலோங். கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தான். மனைவியின் தாலி அடகுக்கடையில். "ஏண்ணே, ரெண்டு பிள்ளைங்க இருக்கு. உங்களுக்கே தெரிய வேணாமா?" என்று கொஞ்சம் கடிந்தும் பேசினேன். "தெரியும் தம்பி" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாவது முறை கையில் காகிதம் எதுவும் இல்லாமல் வந்தார். "என்னண்ணே விஷயம்?" என்றேன். "சும்மாதான் தம்பி, இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். வரிசையில் ஆள் இருந்தது. ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி மருத்துவமனையிலிருந்து போன் செய்தார். அண்ணன் உயிரை விட முயன்றிருந்தார். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் மருத்துவர் கேட்டபோது, "தெரியாம நடந்துருச்சு" என்றே குடும்பம் சொன்னது. ஏன்? அப்போது தற்கொலை முயற்சி இந்த நாட்டில் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. உயிர் பிழைத்த மனிதரைப் போலீஸ் கொண்டுபோய்விடுமோ என்ற பயம். உடம்புக்கு வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனசுக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை.

ஓர் ஆண்டு கழித்துத்தான் அவர் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். அம்மா இறந்தது, முதுகில் அடிபட்டது, இரவு ஓட்டத்தில் தூக்கம் போனது, லோரிக்குள் தனியாகக் கைப்பேசியில் ஆடத் தொடங்கியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு வரியை நான் மறக்கவே முடியாது: "பணத்துக்காக ஆடல தம்பி. ஆடும்போது மட்டும்தான் மண்டைக்குள்ள சத்தம் இல்லாம இருந்துச்சு."

மூன்று முறை என் எதிரே உட்கார்ந்தார். எவ்வளவு கடன், எந்த ஆலோங், வட்டி என்ன என்றெல்லாம் கேட்டேன். "அண்ணே, ராத்திரி தூங்குறீங்களா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெயரைச் சொல்லாமல் தம் கதையைச் சொல்ல அவர் அனுமதி தந்திருக்கிறார்.

இது புத்தி கெட்டதனமா, நோயா?

நம் வீடுகளில் இதற்கு வைத்திருக்கும் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். புத்தி கெட்டவன், பொறுப்பில்லாதவன், குடும்பத்தை விற்றுத் தின்றவன். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இதைக் குணக்கோளாறாகத்தான் பார்த்தது. 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது நோயாக இடம் பெற்றது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் வைக்கப்பட்டது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் சூதாட்டக் கோளாறு இருக்கிறது.

சந்தேகப்படுபவர்களுக்கு ஓர் உதாரணம். பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்க்கு, மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தின் வேலையைச் செய்யும் மருந்துகள் தரப்படுகின்றன. அவற்றைச் சாப்பிட்ட சிலர், அதுவரை ஒரு நம்பர்கூட எடுக்காதவர்கள், திடீரென்று கட்டுக்கடங்காமல் சூதாடத் தொடங்கினார்கள். மருந்தை மாற்றியதும் பலருக்கு அந்த வெறி அடங்கிவிட்டது. ஒரு மாத்திரை கொண்டுவந்து, அதை நிறுத்தியதும் போய்விடுகிற ஒன்றை எப்படி வெறும் குணக்கேடு என்பது?

எல்லாரும் நோயாளி என்று சொல்லவில்லை. தீபாவளிக்கு வீட்டில் சீட்டு ஆடுபவரும், சனிக்கிழமை இரண்டு வெள்ளிக்கு நம்பர் எடுப்பவரும் நோயாளிகள் அல்லர். இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 1997-இல் ஆய்வாளர்கள் வகுத்தவை; இன்றும் பயன்படுகின்றன. ஒன்று, மேலும் மேலும் அதிகப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா? இரண்டு, எவ்வளவு ஆடினீர்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், ஒருவரிடம் போய்ப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

"ஒரு நம்பர்ல போச்சு"

நாலு நம்பரின் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, பத்து சிறப்புப் பரிசு, பத்து ஆறுதல் பரிசு. "பெரிசு" என்று ஒரு வெள்ளி கட்டினால் முறையே 2,500, 1,000, 500, 180, 60 வெள்ளி. எல்லாவற்றையும் கூட்டி பத்தாயிரத்தால் வகுத்தால், கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்பி வருவது 64 காசு. மீதி 36 காசு போனது போனதுதான். கனவில் பாம்பு வந்தாலும், விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணை எடுத்தாலும், முனியாண்டி கோயிலில் கேட்டு வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இது தெரிந்தும் ஏன் விட முடியவில்லை? நீங்கள் 4738 எடுத்திருக்கிறீர்கள். 4739 விழுகிறது. "ஐயோ, ஒரு நம்பர்ல போச்சே" என்கிறோம். கணக்குப்படி 4739-உம் 0012-உம் ஒன்றுதான்; இரண்டுமே தோல்வி. மூளை அப்படிப் பார்ப்பதில்லை. 2009-இல் பிரிட்டனில் நடந்த மூளைப்படம் ஆய்வு ஒன்றில், மயிரிழையில் தவறிய ஆட்டம், வென்றபோது விழித்துக்கொள்ளும் அதே பகுதிகளைத் தூண்டியது. ஆடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசையைக் கூட்டியது. கைப்பேசி ஆட்டங்களில் இந்த "மயிரிழை" நிமிடத்துக்குப் பல தடவை வருகிறது. நம்பர் கடைக்கு மூடும் நேரம் உண்டு, கைப்பேசிக்கு இல்லை.

திருக்குறளில் சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரம் இருக்கிறது. வெற்றிதான் தூண்டில் என்பதை வள்ளுவர் அன்றே கண்டுகொண்டார். பாரதக் கதை இன்னொன்றைக் காட்டுகிறது. நாட்டை இழந்தவுடன் தருமர் ஏன் எழுந்து போகவில்லை? இழந்ததை மீட்க வேண்டும் என்றுதான் தம்பிகளை வைத்தார், தம்மை வைத்தார், கடைசியில் திரௌபதியை வைத்தார். விட்டதைப் பிடிக்கத் துரத்துவது என்பது இன்று மருத்துவர்கள் பார்க்கும் ஒன்பது அறிகுறிகளில் ஒன்று. தருமத்தின் பெயரையே வைத்திருந்தவருக்கே அது நடந்தது என்றால், நம் வீட்டுப் பிள்ளையைக் கெட்டவன் என்று சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எது முதலில் வருகிறது?

சூதாடியதால் மனம் உடைகிறதா, மனம் உடைந்ததால் சூதாடுகிறார்களா? இரண்டும் நடக்கிறது.

அமெரிக்காவில் 43,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2005-இல் வெளிவந்தது. சூதாட்ட நோய்க்கு ஆளானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறு இருந்தது. பத்தில் நால்வருக்குப் பதற்ற நோய். நான்கில் மூவருக்கு, வாழ்நாளில் ஒரு கட்டத்தில், குடிப் பிரச்சினை. வேறு ஆய்வுகளில், பலருக்கு இந்த மன நோய்களே முதலில் வந்திருந்தன. சூதாட்டம் பின்னால் வந்தது. மண்டைக்குள் இருக்கும் சத்தத்தை அடக்க ஆடுகிறார்கள். ஆடினால் கடன். கடனால் பொய். பொய்யால் தனிமை. தனிமையில் சத்தம் இன்னும் கூடுகிறது. அந்தச் சத்தத்தை அடக்க மறுபடியும் ஆட்டம்.

இந்தச் சுழல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவீடனில், சூதாட்ட நோய் என்று மருத்துவரிடம் பதிவானவர்களைப் பின்தொடர்ந்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தற்கொலையால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடையே 15 மடங்கு அதிகமாக இருந்தது. கடன் பிரச்சினை என்று நினைத்து நாம் புகார் எழுதிக்கொண்டிருக்கும் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது, பல நேரம், ஓர் உயிர்ப் பிரச்சினை.

நல்ல செய்தியும் உண்டு. இது குணப்படுத்தக்கூடியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தால் ஆட்டத்தை விடுவது எளிதாகிறது. அந்த லோரி அண்ணன் கடைசியில் "தூக்கம் வரல" என்று சொல்லித்தான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார். அங்கிருந்த மருத்துவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அந்த இரண்டு கேள்வி அவரைக் காப்பாற்றியது.

இது ஏன் உரிமைப் பிரச்சினை?

"இது குடும்ப விஷயம், இதில் இயக்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. பகலில் தோட்டத்தில் உழைத்த கூலி சாயங்காலம் அந்தக் கடைக்கே திரும்பியது. தமிழன் குடிகாரன் என்ற பெயர் மட்டும் நமக்கு. 1946, 47-இல் கெடாவில் தொண்டர் படை எழுந்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதை அவர்கள் ஒழுக்கப் பிரச்சாரமாக மட்டும் பார்க்கவில்லை; தொழிலாளியின் மானப் பிரச்சினையாகப் பார்த்தார்கள்.

இன்றைய நிலைக்கு வருவோம். மேக்னமும் டோட்டோவும் 1969-இல் வந்தவை. டோட்டோவைத் தொடங்கியதே அரசாங்கம். 1985-இல் அது தனியார் கைக்குப் போனது. கெந்திங் மலையில் 1971-இல் சூதாட்ட விடுதி திறந்தது. முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டங்கள் சூதாட்டத்தைத் தடுக்கின்றன. ஆகவே, உரிமம் பெற்ற கடைகளின் வாடிக்கையாளர்களாகச் சட்டம் எதிர்பார்ப்பது நம்மையும் மற்ற முஸ்லிம் அல்லாதவர்களையும்தான். 2019-க்கான வரவு செலவுத் திட்டத்தில் சூதாட்ட விடுதியின் ஆண்டு உரிமக் கட்டணம் 120 மில்லியனிலிருந்து 150 மில்லியன் வெள்ளியாக உயர்ந்தது. பிற வரிகள் தனி. அந்தப் பணத்தில் நம் கூலியும் இருக்கிறது. நம்மிடமிருந்து வாங்கும்போது நாம் வாடிக்கையாளர்கள். நோய் வந்தபின் மட்டும் அது எங்கள் ஒழுக்கக் கேடு என்றால் என்ன நியாயம்?

நம் சமூகம்தான் அதிகம் சூதாடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1980-களிலும் 90-களிலும் தோட்டங்கள் வளர்ச்சித் திட்டங்களுக்கு விற்கப்பட்டபோது, வீடும் வேலையும் கோயிலும் அக்கம்பக்கமும் ஒரே நாளில் போன குடும்பங்கள் நம்முடையவை. அடுக்குமாடி வீட்டின் தனிமை, நிலையில்லாத வேலை, வங்கியில் கிடைக்காத கடன், இரண்டு தெரு தள்ளி ஆலோங் ஒட்டிய விளம்பரம் ஆகிய இவற்றின் நடுவில் வாழ்பவருக்கு நம்பர் ஒன்றுதான் கைக்கெட்டும் நம்பிக்கை என்றால், அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கடையை மூடினால் போதும் என்பாரும் உண்டு. கெடாவில் உரிமங்கள் புதுப்பிக்கப்படாததால் 2023 தொடக்கத்தில் நம்பர் கடைகள் மூடப்பட்டன. அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மூடிய கதவு, கைப்பேசியில் ஆடுபவனையும் கள்ள நம்பர்காரனிடம் கடனுக்கு எடுப்பவனையும் குணப்படுத்தாது என்று மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரைப் பாருங்கள். 2010-இல் சூதாட்ட விடுதிகள் திறப்பதற்கு முன்பே, 2005-இல், சூதாட்டப் பிரச்சினைக்கென்று தேசிய மன்றம் அமைத்தார்கள். குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரை விடுதிக்குள் விடாமல் தடுக்க முடியும். நாமும் இவற்றைக் கேட்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்குகளில் மனச்சோர்வைப் பற்றிக் கேட்கும்போது சூதாட்டத்தையும் கேட்க வேண்டும். தமிழில் கேட்க வேண்டும். தமிழ் பேசும் ஆலோசகர்கள் வேண்டும். சூதாட்ட வருமானத்தின் ஒரு பகுதி சிகிச்சைக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். இதெல்லாம் சலுகை அல்ல. நாம் கட்டிய பணத்தின் கணக்கு.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க முடியாது. நாளைக்கே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலில், கேளுங்கள். "எவ்வளவு விட்ட?" என்று தொடங்காதீர்கள். "தூங்குறியா? சாப்பிடுறியா? மனசு எப்படி இருக்கு?" என்று தொடங்குங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்பதையும் நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பதுதான் பலருக்குப் பேச வழி திறக்கிறது.

இரண்டாவது, கடனை மொத்தமாக அடைத்துக் கையில் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணமும் ஆட்டத்துக்குப் போய்விடலாம். அவர் சம்மதத்தோடு ஏடிஎம் அட்டையையும் சம்பளத்தையும் சிறிது காலம் நம்பிக்கையான ஒருவர் வைத்திருக்கட்டும். 2024 மே முதல் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கு வந்திருக்கிறது. அதையும் பேசி வையுங்கள். வங்கிக் கடன்களுக்கு, 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. உரிமம் பெற்றவர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆலோங் மிரட்டினால் போலீஸ் புகார் செய்யுங்கள். எழுத நாங்கள் உதவுகிறோம்.

மூன்றாவது, மருத்துவரிடம் போங்கள். மனநலம் என்றதும் "தஞ்சோங் ரம்புத்தானா?" என்று சிரிக்கும் பழக்கத்தை விடுவோம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. "சூதாட்டம்" என்று சொல்ல வாய் வரவில்லையா? "தூக்கம் வரல" என்று சொல்லித் தொடங்குங்கள். மீதியை உள்ளே போய்ச் சொல்லலாம். மனம் மிகவும் கனத்தால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999-ஐ அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

நான்காவது, மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள். 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உயிரை விட முயன்றவர் இன்று குற்றவாளி அல்லர். அந்த அண்ணனின் குடும்பம் போல இனி யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு செய்தியையாவது பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள்.

இப்போது என் மேசையில் மனுத்தாளுக்கு மேலே ஒரு சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். "தூக்கம்?" என்று எழுதியிருக்கிறது. ஆலோங் புகாரோடு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் அழுதுவிடுகிறார்கள். வரிசை நீண்டாலும் இனி பரவாயில்லை.

அந்த அண்ணன் இன்றும் லோரி ஓட்டுகிறார். பகல் ஓட்டம் மட்டும். நடுவில் ஒரு முறை மறுபடியும் ஆடிவிட்டார். மறைக்காமல் மனைவியிடம் அன்றே சொன்னார். மருத்துவர் அதை முன்னேற்றம் என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கையில் காகிதம் இல்லாமல் யாராவது உங்களைத் தேடி "சும்மா" வந்தால், உட்கார வைத்துப் பேசுங்கள்.